பக்கத்து நிறம்

பாரிஸ் நகரின் தென்பகுதியில், பியெவ்ர் என்ற சிற்றாற்றை ஒட்டி வளர்ந்தது கோபலின் நெசவுக்கூடம். பதினான்காம் லூயியின் ஆட்சியில், 1662-இல், அது அரசுடைமையானது. மாளிகைச் சுவர்களை மூடும் பெரிய சித்திரத் திரைச்சீலைகள் அங்கே தயாராயின. ஓவியர் தீட்டித் தந்த படத்தைப் பார்த்து, நெசவாளர்கள் கம்பளி நூலிலும் பட்டு நூலிலும் அதே உருவத்தைக் கொண்டுவருவார்கள். 1824-இல் அந்தக் கூடத்தின் சாயப் பிரிவுக்கு இயக்குநராக வந்தவர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல். கொழுப்புகளைப் பற்றிய ஆய்வால் வேதியியலில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று கறுப்பு நூலைப் பற்றியது. நீல உடையிலும் ஊதா உடையிலும் மடிப்பின் நிழலைக் காட்டக் கறுப்பு நூல் சேர்ப்பது வழக்கம். நெய்து முடித்ததும் அந்தக் கறுப்பு வலுவிழந்து வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்பது புகார்.

வேதியியலாளர் செய்யக்கூடியதை ஷெவ்ரல் முதலில் செய்தார். கோபலின் கறுப்பு நூலைப் பெயர்பெற்ற பிற பட்டறைகளின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை எதுவும் தென்படவில்லை. தனியே வைத்தால் ஆழமாக இருக்கும் அதே கறுப்பு, நீலத்தின் அருகே வைத்தவுடன் துருவேறியதுபோல் மாறியது. குறை நூலில் இல்லை, அதன் பக்கத்தில் இருந்த நிறத்தில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணில் இருந்தது. சாயத்தொட்டியில் தீராத சிக்கல் அது.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஷெவ்ரல் இதிலேயே ஊன்றி நின்றார். 1839-இல் வெளியான அவருடைய பெருநூல் இந்த நிகழ்வை ஒரு விதியாக வகுத்தது. இரண்டு நிறங்கள் அடுத்தடுத்து இருக்கும்போது கண் அவற்றின் வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும். ஒவ்வொரு நிறமும் தன் அண்டை நிறத்தின்மீது தன்னுடைய நிரப்பு நிறத்தின் சாயலை ஏற்றும். நீலத்தின் நிரப்பு நிறம் செம்மஞ்சள். ஆகவே நீலத்தின் அருகிலுள்ள கறுப்பில் செம்மஞ்சள் மெல்லப் படர்கிறது, கறுப்பு பழுப்பாகிறது. சிவப்பும் பச்சையும் போன்ற நிரப்பு நிறங்கள் சேர்ந்து நின்றால் ஒன்றையொன்று தூக்கிவிடும். இதற்கு அவர் உடனிகழ் முரண் என்று பெயரிட்டார். திரைச்சீலை, தரைவிரிப்பு, சுவர்த்தாள், படைவீரர் சீருடை, பூந்தோட்டம் என நிறம் புழங்கும் தொழில்கள் பலவற்றுக்கும் அந்த நூலில் அறிவுரை உண்டு. ஓவியர்களுக்கு அதிலிருந்த செய்தி எளியது, ஆனால் கடுமையானது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தை அப்படியே கலந்து பூசினால் படம் மிகையாகிவிடும், ஏனெனில் அந்த முரணைக் கண்ணே மறுபடி ஒருமுறை சேர்க்கும்.

ஷெவ்ரலுக்கு முன்பே இதைக் கையால் அறிந்தவர்கள் இருந்தார்கள். ஒரு நிறம் தன் எதிர் நிறத்தின் அருகே கூடுதல் அழகு பெறுவதை லியனார்தோ டா வின்சி குறித்துவைத்திருக்கிறார். மெழுகுவத்தி ஒளியிலும் அந்தி ஒளியிலும் விழும் நிழல்கள் நிறம் பெறுவதை 1810-இல் வெளியான தன் நிறநூலில் கெத்தே விரிவாக எழுதினார். ஆனால் அவை தனித்தனி அவதானிப்புகளாகவே நின்றன. பட்டறைக்கு நாள்தோறும் பயன்படும் விதியாக அவற்றைத் திரட்டியது கோபலின் சாயக்கூடம்தான்.

உடலியல் அறிஞர்கள் இந்த நிகழ்வின் காரணத்தைத் தேடினார்கள். ஓவியரின் அடிப்படைச் சிக்கலை மிகத் தெளிவாக எடுத்துவைத்தவர் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். வெள்ளை வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும், கறுப்பு வண்ணம் 3 அல்லது 4 விழுக்காட்டை. ஆகவே படத்தின் மிக ஒளிர்ந்த இடம் மிக இருண்ட இடத்தைப் போல இருபது முப்பது மடங்குக்கு மேல் ஒளிர முடியாது. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே வெளியுலகில் உள்ள வேறுபாடு இதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. அப்படியானால் ஓவியத்தில் வெயில் எப்படி வருகிறது? ஓவியர் ஒளியின் அளவை நகலெடுப்பதில்லை, கண் ஒளியை எதிர்கொள்ளும் விதத்தை நகலெடுக்கிறார் என்பது ஹெல்ம்ஹோல்ட்ஸின் விடை. விளிம்புகளில் வெளிச்சம் கூடுதல் வெளிச்சமாகவும் இருள் கூடுதல் இருளாகவும் தெரிவதை 1865-இல் எர்ன்ஸ்ட் மாக் விளக்கினார். கண்ணின் ஒரு செல் தூண்டப்படும்போது அது அண்டைச் செல்களை அடக்குகிறது என்று அவர் ஊகித்தார். அது உண்மைதான் என்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் குதிரைலாட நண்டின் கண்ணில் மின்முனை வைத்து அளந்து காட்டினார். 1967-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நிற முரண் விழித்திரையோடு முடிந்துவிடுவதில்லை, மூளையின் பார்வைப் பகுதிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்பது பின்னர் தெரிந்தது.

இந்த அறிவு ஓவியக்கூடத்துக்குள் வந்த காலத்தில் வண்ணத்தின் வடிவமும் மாறியிருந்தது. லண்டனில் வாழ்ந்த ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-இல் வெள்ளீயத்தாலான பிதுக்குக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித் தூக்கிச் செல்லும் தொல்லை ஒழிந்தது, வெளியில் வெயிலில் நின்று தீட்டுவது எளிதாயிற்று. பனிமேல் விழும் நிழல் சாம்பலாக இல்லை, நீலமாக இருக்கிறது என்று இம்ப்ரெஷனிஸ்டுகள் கண்டார்கள், கண்டபடியே தீட்டினார்கள். க்ளோத் மொனே 1872-இல் வரைந்த சூரியோதயப் படம், அந்த இயக்கத்துக்குப் பெயர் தந்த படம், இதில் நுட்பமான ஒரு சாட்சி. அதன் செம்மஞ்சள் சூரியன் சுற்றியுள்ள நீலச்சாம்பல் வானத்தின் ஒளிர்வையே கிட்டத்தட்டப் பெற்றிருக்கிறது. கறுப்பு வெள்ளையில் படியெடுத்தால் சூரியன் காணாமல் போகிறது. ஹார்வர்டின் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கினார். பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்று கணக்கிடும் மூளைப் பகுதி நிறத்தைப் பொருட்படுத்துவதில்லை, ஒளிர்வு வேறுபாட்டை மட்டுமே பார்க்கிறது. அந்தப் பகுதிக்கு மொனேயின் சூரியன் இல்லை. நிறம் காணும் பகுதிக்கோ அது சுடர்கிறது. இரண்டுக்கும் இடையே இருப்பிடம் உறுதிப்படாமல் சூரியன் துடிப்பதுபோல் தெரிகிறது. ஆய்வகம் இதைச் சொல்வதற்கு நூறாண்டுக்கும் மேலாக முன்பே ஓவியரின் தூரிகை அந்த இடத்தைத் தொட்டுவிட்டது.

ஜார்ஜ் ஸொரா வேறு வகை மனிதர். கண்டதை உடனே தீட்டும் வேகத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஷெவ்ரலைப் படித்தார். கொலம்பியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆக்டன் ரூட் 1879-இல் எழுதிய நிறநூலை, 1881-இல் வந்த பிரெஞ்சுப் பதிப்பில் படித்தார். 1884-இல் முடித்த ஆற்றங்கரைக் குளியல் ஓவியத்தில் புள்ளிகள் ஏறக்குறைய இல்லை, ஆனால் ஷெவ்ரல் முழுதாக இருக்கிறார். சிறுவனின் முதுகு வெயிலில் ஒளிரும் இடத்தில் அதையடுத்த நீர் சற்றே இருள்கிறது, முதுகு நிழலாகும் இடத்தில் நீர் வெளுக்கிறது. விளிம்பில் கண் தானாகச் செய்யும் வேலையை ஸொரா கையாலும் செய்தார். அந்தச் சிறுவர்களுக்கு அசைவற்ற, சிலை போன்ற கனம் வந்தது இதனால்தான்.

அடுத்து வந்த கிராந்த் ழாத் தீவின் ஞாயிறு ஓவியம் இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்டது. 1884 முதல் 1886 வரை அதில் உழைத்தார். அதில் நிறங்கள் தட்டில் கலக்கப்படாமல் சிறு தீற்றல்களாகவும் புள்ளிகளாகவும் அருகருகே வைக்கப்பட்டன. 1886 மே மாதம் அது காட்சிக்கு வந்தது. ஃபெலிக்ஸ் ஃபெனேயோன் என்ற விமர்சகர் அதே ஆண்டில் இந்தப் போக்குக்கு நவ இம்ப்ரெஷனிசம் என்று பெயர் வைத்தார். அந்த ஆகஸ்டில் ஷெவ்ரலுக்கு நூறு வயது நிரம்பியது. ஒளிப்படக் கலைஞர் நாடார், தன் மகன் ஒளிப்படங்கள் எடுக்க, அவரை நேர்கண்டார்.

புள்ளிகளைப் பற்றிப் பாடநூல்கள் சொல்லும் விளக்கத்தை இங்கே திருத்த வேண்டும். தூரத்தில் நின்றால் புள்ளிகள் கண்ணில் கலந்து, தட்டில் கலந்ததைவிட ஒளிமிக்க நிறமாகும் என்பது அந்த விளக்கம். நவ இம்ப்ரெஷனிஸ்டுகளே அப்படி நம்பினார்கள். உண்மையில் புள்ளிகள் கலக்கும்போது ஒளி கூடுவதில்லை, சராசரியாகிறது. மஞ்சள் புள்ளியும் நீலப் புள்ளியும் கண்ணில் கலந்தால் பச்சை வராது, சாம்பல்தான் வரும். அந்த ஓவியத்தின் புள்ளிகளோ, ஒருவர் இயல்பாக நிற்கும் தூரத்தில் முழுதாகக் கலந்துவிடும் அளவுக்குச் சிறியவையும் அல்ல. அந்த அரைகுறைக் கலப்புதான் படத்தின் உயிர். பிரிந்து தெரிவதா, சேர்ந்து தெரிவதா என்று கண் முடிவெடுக்காத எல்லையில் புல்வெளி மினுங்குகிறது. கோட்பாடு பிழை, ஓவியம் சரி. கலை வரலாற்றில் இது அரிதன்று, ஆனால் இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

ஸொராவுக்குப் பொருளும் துரோகம் செய்தது. புல்லின் வெயில் பகுதிகளில் அவர் சேர்த்த துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே மங்கிப் பழுப்பானது. ஃபெனேயோன் 1892-இலேயே அதைப் பதிவு செய்தார். முரணை நுட்பமாகக் கணக்கிட்ட படத்தில் ஒரு நிறம் மாறினால் அதைத் தொட்டிருக்கும் எல்லா நிறமும் மாறும். இன்று சிகாகோ கலை நிறுவனத்தில் இருப்பது ஸொரா கண்ட அதே புல்வெளி அல்ல. 2004-இல் ரோச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தின் ராய் பெர்ன்ஸ், மங்காத மஞ்சளோடு அந்தப் படம் எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் மீட்டுக் காட்டினார். ஸொரா 1891-இல், 31 வயதில் இறந்தார். கமீய் பிசாரோ சில ஆண்டுகள் புள்ளிமுறையில் வரைந்துவிட்டு, கை கட்டுண்டதாக உணர்ந்து விலகினார். போல் சின்யாக் கடைசிவரை நின்று, 1899-இல் அந்த முறைக்கு ஒரு நூலும் எழுதினார்.

நூல்கண்டிலிருந்து பிறந்த அறிவு அதன்பிறகும் நூல்கண்டை விடவில்லை. வின்சென்ட் வான் கோ வைத்திருந்த சிவப்பு மெருகுப் பெட்டி ஒன்று ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குள் வெவ்வேறு நிறக் கம்பளி இழைகளைச் சேர்த்து உருட்டிய கண்டுகள். வண்ணத்தைச் செலவழிக்காமல், எந்த நிறத்தோடு எது சேரும் என்று பார்க்கும் வழி அது. வில்ஹெல்ம் ஃபான் பெட்ஸோல்ட் என்ற ஜெர்மானிய வானிலை அறிஞர் தரைவிரிப்பு வடிவங்களை ஆராய்ந்து, 1874-இல் ஷெவ்ரலுக்கு எதிர்ப்பக்கத்தை எழுதினார். வடிவம் நுண்ணிய பின்னலாக இருந்தால் அண்டை நிறங்கள் ஒன்றையொன்று விலக்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று பரவுகின்றன. ஒரே ஒரு நூலின் நிறத்தை மாற்றினால் விரிப்பு முழுவதும் வேறாகத் தெரியும். அகன்ற பட்டையில் முரண், மெல்லிய கோட்டில் கலப்பு. எந்த அகலத்தில் ஒன்று மற்றொன்றாகிறது என்ற கேள்வியில்தான் இருபதாம் நூற்றாண்டு ஓவியர்கள் குடியேறினார்கள். ரொபேர் தெலோனே 1912-இல் வரைந்த சன்னல் ஓவியங்களுக்கு ஷெவ்ரலின் ‘உடனிகழ்’ என்ற சொல்லையே அடைமொழியாக்கினார். அவர் மனைவி சோனியா தெலோனே அதே முரணைத் துணியிலும் உடையிலும் கொண்டுவந்தார்.

யோசெஃப் ஆல்பர்ஸ் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் முதலில் மாணவர், பின் ஆசிரியர். அவர் மனைவி ஆனி ஆல்பர்ஸ் அங்கே பயின்ற நெசவுக் கலைஞர். 1933-இல் நாஜிகளின் நெருக்கடியில் பள்ளி மூடப்பட்டதும் இருவரும் அமெரிக்கா சென்றார்கள். வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியிலும், 1950 முதல் யேலிலும் ஆல்பர்ஸ் கற்பித்தார். அவர் வகுப்பில் வண்ணம் கிடையாது, வண்ணத்தாள்கள்தான். ஒரே தாளிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி, வெவ்வேறு பின்னணிகளில் வைத்து, அவை இரண்டு வேறு நிறங்களாகத் தெரியும்படி செய்ய வேண்டும். பிறகு, வேறான இரண்டு நிறங்களை ஒரே நிறமாகத் தெரியவைக்க வேண்டும். கோட்பாட்டை முதலில் சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போகும் வழக்கத்தை அவர் தலைகீழாக்கினார். கண் ஏமாந்த பிறகுதான் விளக்கம். 1963-இல் யேல் வெளியிட்ட அவருடைய பாடநூலில் 150 பட்டுத்திரை அச்சுப் படங்கள் இருந்தன, சாதாரண அச்சில் அந்த நிறங்கள் வராது என்பதால்.

சதுரத்துக்கு வணக்கம் என்ற பெயரில் 1950 முதல் 1976-இல் இறக்கும்வரை அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் செய்தார். எல்லாவற்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அல்லது நான்கு சதுரங்கள், அவ்வளவுதான். அழுத்தப்பலகையில் வெள்ளை அடித்தளம் பூசி, குழாயிலிருந்து வந்த வண்ணத்தைப் பெரும்பாலும் கலக்காமல் கத்தியால் தடவினார். நடுச் சதுரத்தில் தொடங்கி வெளியே வந்தார். ஒன்றின்மேல் ஒன்று பூசுவதில்லை, விளிம்போடு விளிம்பு மட்டும் சேரும். பலகையின் பின்புறத்தில் ஒவ்வொரு வண்ணத்தின் பெயரையும் அதைச் செய்த நிறுவனத்தையும் எழுதிவைத்தார். ஆனாலும் முன்னால் நிற்பவருக்கு ஒரு சதுரம் மற்றொன்றின்மேல் மெல்லிய திரையாகக் கிடப்பது போலவும், நடுச்சதுரம் முன்னே வருவது போலவும் தெரியும். பின்புறக் குறிப்பு வண்ணப் பொருள்களின் பட்டியல். முன்புறம் அந்தப் பட்டியலில் இல்லாத நிறங்கள். ஓவியத்தில் பொருளும் தோற்றமும் வேறுவேறு என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டியவர் வேறு யாருமில்லை.

ஹங்கேரியில் பிறந்து 1930-இல் பாரிஸுக்கு வந்த விக்டர் வாசரெலி விளம்பர ஓவியத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். தட்டையான கட்டங்களை நடுவில் பெரிதாக்கி, ஓரத்தில் நசுக்கி, பரப்பு உருண்டு புடைப்பதுபோல் காட்டினார். 1964-இல் இந்தப் போக்குக்கு ஆப் ஆர்ட் என்ற பெயர் பத்திரிகையில் வந்தது. 1965 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில், வில்லியம் சைட்ஸ் தொகுத்த பெரிய கண்காட்சியை 1,80,000 பேர் பார்த்தார்கள். ஆல்பர்ஸும், யேலில் அவரிடம் பயின்ற ரிச்சர்ட் அனுஸ்கீவிச், ஜூலியன் ஸ்டான்சாக் இருவரும் அதில் இடம்பெற்றார்கள். பொருள்வகையிலும் காலம் கனிந்திருந்தது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் 1950-களில் கடைக்கு வந்தது. விரைவில் காயும், மஞ்சளிக்காது, தூரிகைத் தடம் தெரியாமல் சீராகப் படியும். கூர்மையான விளிம்பும் ஒரே சீரான பரப்பும் இல்லாமல் இந்தப் படங்கள் வேலை செய்யாது.

அந்தக் கண்காட்சியின் விவரநூல் அட்டையில் இருந்தது பிரிட்ஜெட் ரைலியின் படம். லண்டனில் 1931-இல் பிறந்தவர். அவருடைய வேர் ஸொராவில் இருக்கிறது. 1959-இல் ஸொராவின் கூர்பெவ்வா பாலம் ஓவியத்தை, புத்தகத்தில் இருந்த அச்சுப்படத்தைப் பார்த்துப் பெரிதாகப் படியெடுத்தார். புள்ளிகளை நகலெடுப்பது அவர் நோக்கமாக இல்லை, ஒவ்வொரு புள்ளியும் அடுத்ததை என்ன செய்கிறது என்று கையால் அறிவதுதான் நோக்கம். இரண்டே ஆண்டுகளில் அவர் நிறத்தை முற்றிலும் விட்டார். 1961-இல் வந்த சதுரங்களின் அசைவு படத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மட்டுமே. கட்டங்களின் உயரம் மாறுவதில்லை, அகலம் மட்டும் குறைந்துகொண்டே போய் ஒரு மடிப்பில் நூலாகி, மீண்டும் விரிகிறது. 1963-இல் வரைந்த வீழ்ச்சி படத்தில் ஒரே வளைகோடு பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. கீழே போகப்போக வளைவு நெருங்கி, பரப்பே ஆடத் தொடங்குகிறது.

அந்த ஆட்டத்துக்கு ஒரே காரணம் இல்லை. ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கும்போதும் கண் நிலையாக நிற்பதில்லை, நொடிக்கு நொடி மிகச்சிறு துள்ளல்களாக நகர்கிறது. சாதாரணக் காட்சியில் மூளை அதைக் கழித்துவிடுகிறது. நெருங்கிய கறுப்பு வெள்ளைக் கோடுகளில் ஒவ்வொரு துள்ளலும் கோடுகளை விழித்திரையில் இடம் மாற்ற, முந்தைய நொடியின் பின்பிம்பம் புதிய பிம்பத்தின்மேல் விழுந்து சிலிர்க்கிறது. லென்சின் குவியம் சற்றே மாறுவதும் சேர்ந்துகொள்கிறது. பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்குள் கறுப்பும் வெள்ளையுமாக ஏறத்தாழ மூன்று சோடிக் கோடுகள் அடங்கும்போது தொல்லை மிகுதி என்று ஆர்னல்ட் வில்கின்ஸின் ஆய்வுகள் காட்டின. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது தாங்க முடியாததாகலாம். ரைலி ஒளியியல் படித்ததில்லை, அவருடைய கணிதமும் எளிய அளவில் நின்றது என்று அவரே எழுதியிருக்கிறார். வரைபடத்தாளில் திட்டமிட்டு, நீர்வண்ணத்தில் பல சிறு மாதிரிகள் செய்து, சுவரில் வைத்து நாள்கணக்கில் பார்த்து, கண்ணுக்குச் சரியானதைத் தேர்ந்தார். இறுதிப் படத்தை உதவியாளர்கள் தூரிகையால் தீட்டினார்கள். முடிவு கண்ணுடையது, கை யாருடையதாகவும் இருக்கலாம் என்பது அவர் நிலை. நியூயார்க்கில் தன் படங்கள் உடைத் துணியில் அச்சாகிக் கடைகளில் தொங்குவதைக் கண்டு அவர் கொதித்தார். அந்தக் கோபம் நியாயமானது. வேடிக்கை வடிவமாகிவிட்டால் பார்க்கும் உழைப்பு காணாமல் போகிறது.

1967-இல் நிறம் திரும்பியது. செம்மையும் நீலப்பச்சையும் சேர்ந்த அலைக்கோடுகள் சில இடத்தில் சாம்பலாகக் கலந்தும் சில இடத்தில் சுடர்ந்தும் தெரிந்தன. பெட்ஸோல்ட் தரைவிரிப்பில் கண்ட அதே எல்லை. 1968 வெனிஸ் பியனாலேயில் ஓவியத்துக்கான சர்வதேசப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். 1979-80 குளிர்காலத்தில் எகிப்துக்குப் போய், நைல் கரைக் கல்லறைகளில் சில நிறங்களே மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு, அவற்றை நினைவிலிருந்து மீட்டுத் தன் பட்டைகளுக்குப் பயன்படுத்தினார். 1983-இல் லிவர்பூலின் ராயல் மருத்துவமனைத் தாழ்வாரங்களுக்கு அந்த நிறங்களில் சுவரோவியம் வடிவமைத்தார்.

மற்றவர்கள் இந்த வழியை இரண்டு முனைகளுக்குக் கொண்டுபோனார்கள். கலிஃபோர்னியாவில் 1965-இல் புலனறிவு உளவியலில் பட்டம் பெற்ற ஜேம்ஸ் டரெல் வண்ணத்தையே விட்டுவிட்டு, விளிம்பில்லாத நிற ஒளியால் அறையை நிரப்பினார். விளிம்பு இல்லாத இடத்தில் கண்ணுக்குத் தொலைவு தெரியாது, ஒளியே திடப்பொருள்போல் நிற்கும். சக் க்ளோஸ் உருவ ஓவியத்தை விடவில்லை. ஒளிப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்துப் பெரிய முகங்களை வரைந்தவர். 1988-இல் முதுகுத்தண்டுத் தமனி பாதிப்பால் உடல் முடங்கிய பின், கையில் தூரிகையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வளையம் வளையமாக முரண் நிறங்களை வைத்தார். அருகில் அவை நிறக்கட்டங்களின் கூட்டம், தள்ளி நின்றால் தோலும் மூக்கும் கண்ணும். எந்தத் தூரத்தில் முகம் எழுகிறது என்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் பெல்லி அந்தப் படங்களை வைத்தே அளந்து 1999-இல் வெளியிட்டார். வடிவத்தை அறிவது அளவைச் சார்ந்ததில்லை என்று நெடுநாள் நிலவிய கருத்துக்கு அது எதிர்ச்சான்றானது.

2019-இல் லண்டன் நேஷனல் கேலரியின் கூடத்தில் ரைலி சுவரின்மீதே ஒரு படம் வைத்தார். மங்கிய சில நிறங்களில் பெரிய வட்டங்கள், இடையிடையே வெற்று வெள்ளைச் சுவர். ஸொராவின் ஆற்றங்கரைக் குளியல் ஓவியம் அந்தக் காட்சிக்கூடத்துக்குச் சொந்தமானது. புள்ளிகள் இப்போது தொலைவில் நின்றாலும் கலக்க முடியாத அளவுக்குப் பெரியவை. பார்ப்பவர் ஒரு வட்டத்தில் கண்ணை நிறுத்தி, பிறகு நகர்த்தினால், அதன் பின்பிம்பம் வெள்ளைச் சுவரில் யாரும் தீட்டாத வேறொரு வட்டமாக மிதந்து போகிறது.